பழைய வண்டியும் சொந்தக் கையும்: வார்ப்பிரும்பு புல்லட் பராமரிப்பில் துன்ப இன்பங்களின் வகையும் மூலமும்

1. பொருளும் எல்லையும்

பழைய வண்டியைத் தானே பழுதுபார்த்து ஓட்டுகிறவரைப் பற்றி இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன. அவர் கஞ்சர், மெக்கானிக்குக் கூலி கொடுக்க மனமில்லாதவர் என்பது ஒன்று. அவர் பழைய நினைவுகளில் வாழ்கிறவர், அப்பா ஓட்டிய வண்டியை விற்க மனம் வராதவர் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகூட இல்லை. கூலியில் மிச்சம் பிடித்தது உதிரிப்பாகத்தில் கரைந்துவிடும். அப்பாவின் நினைவு மட்டுமே காரணமென்றால் வண்டியைத் துடைத்துத் திண்ணையோரம் நிறுத்திவைத்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கையெல்லாம் கிரீஸோடு தரையில் உட்கார வேண்டியதில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் வேறு. எந்தப் பாகத்தைக் கையால் சரிசெய்ய முடிகிறதோ, அந்தப் பாகம் ஓட ஓடத் தன் நிலையிலிருந்து விலகவும் செய்யும். ஆகவே எரிச்சலுக்கும் மகிழ்ச்சிக்கும் மூலம் ஒன்றே. ஆயினும் எல்லா எரிச்சலும் மகிழ்ச்சியில் முடிவதில்லை. எது முடியும், எது முடியாது என்று வகைபிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட், அதிலும் மெக்கானிக்குகள் ‘காஸ்ட் அயர்ன் எஞ்சின்’ என்று அழைக்கும் பழைய வகை. நெடுங்காலம் அதிக மாற்றமின்றித் தயாரிக்கப்பட்டது என்பதாலும், இன்றும் சாலையில் ஓடுகிறது என்பதாலும் இந்த வண்டி ஆய்வுக்குப் பொருந்துகிறது.

இத்துறையில் இரண்டு முன்னோடி நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ ஒன்று. மேத்யூ கிராஃபோர்ட் 2009இல் வெளியிட்ட ‘ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்’ மற்றொன்று. பழுதுபார்க்கையில் ஊக்கம் வடிந்துபோகும் தருணங்களைப் பிர்சிக் வகைப்படுத்தினார். கைத்தொழிலும் அறிவுத்தொழிலே என்று, தாமே பைக் பட்டறை நடத்திய கிராஃபோர்ட் வாதிட்டார். இருவரும் முக்கியமாகப் பார்த்தது பழுதுபார்ப்பவரின் மனத்தையும் அவர் செய்யும் வேலையையும். நம் ஊரில் கடையும் பெட்ரோல் பங்கும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் அந்த வேலைக்குள் நுழைந்துவிடுகின்றன. அவற்றையும் கணக்கில் எடுக்காத ஆய்வு இங்கே நிறைவு பெறாது.

2. வண்டியின் வரலாறு

‘புல்லட்’ என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1932இல் சூட்டியது. அந்த நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. இந்திய ராணுவத்தின் தேவை அதற்கு உந்துதலாக இருந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புதிய வகை வந்து பழையதை ஓய்வுக்கு அனுப்பியது.

இந்த வரலாற்றில் பராமரிப்பாளருக்கு வேண்டிய செய்தி இரண்டு. ஒன்று, அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டு நிலைத்திருந்ததால் வெவ்வேறு பத்தாண்டுகளில் பிறந்த வண்டிகளுக்கிடையே பல பாகங்கள் மாறிப் பொருந்தும். இரண்டு, பிரிட்டிஷ் அங்குல அளவுகள் மெட்ரிக் நாட்டில் தங்கிவிட்டன. முதலாவது வரம்; இரண்டாவது சாபம்.

3. கைக்கு எட்டும் எஞ்சின்

சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி., அமுக்க விகிதம் 6.5:1, திறன் சுமார் 18 குதிரைத்திறன். மெதுவாகச் சுழலும், குறைந்த அமுக்கமுள்ள எஞ்சின். சிறு பிழைகளைப் பொறுத்துக்கொண்டு ஓடும். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. பிரைமரி செயினை மூடியிருக்கும் பெரிய உறை நடுவிலுள்ள ஒரே நட்டில் நிற்கிறது. இப்படித் திறந்து பார்க்க இடம் தரும் அமைப்பில் அடிக்கடி கை வைக்க வேண்டிய இடங்கள் இரண்டை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம்.

3.1 பாயிண்ட்

பிளக்கில் நெருப்புப் பொறி வரவேண்டிய நொடியைத் தீர்மானிப்பது கான்டாக்ட் பிரேக்கர், அதாவது ‘பாயிண்ட்’. இரு உலோகப் பொட்டுகள் ஒட்டியிருக்கும்போது காயிலில் மின்சாரம் பாயும். சுழலும் கேம் அவற்றைப் பிரிக்கும் கணத்தில் பொறி பிறக்கும். பிரிந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேமில் உரசும் பாயிண்ட்டின் குதிகால் பகுதி நாளடைவில் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுவை குறைந்து சூடேறும்.

சரிசெய்வது சொல்வதற்கு எளிது. கேமின் மேட்டில் குதிகாலை நிறுத்தி, ஃபீலர் கேஜின் தகட்டை இடையே செருகி, ஸ்க்ரூவைத் தளர்த்தித் தட்டை நகர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். சோதனை கடைசி முடுக்கில்தான் வரும். ஸ்க்ரூ இறுகும்போது தட்டும் கூடவே இம்மியளவு திரும்பும். அளந்து வைத்த இடைவெளி போய்விடும். அனுபவப்பட்ட கை அந்த நகர்வை முன்கூட்டியே கணக்கிட்டு, இடைவெளியைச் சற்று விலக்கி வைத்து முடுக்கும். எவ்வளவு விலக்க வேண்டும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. ஒவ்வொரு வண்டிக்கும் அது வேறு.

3.2 டாப்பெட்

வால்வைத் திறக்கும் புஷ் ராட்களின் நீளத்தை வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்து சரிசெய்யலாம். பிஸ்டனை அமுக்க உச்சத்தில் நிறுத்தி, ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மறு ஸ்பானரால் லாக் நட்டைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். இங்கே ஃபீலர் கேஜ் கிடையாது. புஷ் ராடு இரு விரலுக்கிடையே தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. அளவுகோல் விரல்தான்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் நீளும். அதனால் புஷ் ராடில் தானே இடைவெளி பிறக்கும். சூடாக இருக்கும்போது அந்த இடைவெளியைப் போக்கிவிட்டால், மறுநாள் காலை எஞ்சின் சுருங்கும். புஷ் ராடு வால்வை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அமுக்கம் கசிந்து, எத்தனை முறை மிதித்தாலும் வண்டி கிளம்பாது. அவசரக்காரருக்கு இந்த எஞ்சின் தரும் தண்டனை பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருகிறது.

4. துன்பங்களின் வகை

பராமரிப்பில் வரும் துன்பங்களை அகம், புறம் என இரண்டாகப் பகுக்கலாம். வண்டியின் இயல்பிலிருந்தும் பராமரிப்பவரின் கைத்தேர்ச்சியிலிருந்தும் வருபவை அகத் துன்பங்கள். சந்தையும் எரிபொருளும் சட்டமும் தருபவை புறத் துன்பங்கள்.

4.1 அகத் துன்பங்கள்

முதலாவது, கிக்கர். மிதிக்கும் முன் பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அடையாளம் அம்மீட்டர் முள். சாவியைப் போட்டு மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். அப்போது டிகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சம் தாண்டவிட்டு, நெம்புகோலை விடுவித்து, முழு வீச்சில் மிதிக்க வேண்டும். இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் அந்த அடி வாங்காத புல்லட்காரர் அரிது.

இரண்டாவது, ஒழுக்கு. பல மூட்டுகள், பல பேக்கிங்குகள். ஏதாவது ஒன்றில் ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் விட்டால் ஆயில் பம்ப் வழியாகவே கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். அதன்பின் கிளப்பினால் தெரு முழுவதும் வெண்புகை. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்கே வைத்தியம் அதிகம்.

மூன்றாவது, ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள். காலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி சிறிது தூரம் ஓடியதும் மிஸ்ஸிங் காட்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. காயில் சூட்டில் சோர்ந்திருக்கலாம். கண்டன்சர் போயிருக்கலாம். அல்லது டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். துளை அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, கார்பரேட்டருக்கு வரத்து நின்றுவிடும். காற்று மெல்ல உள்ளே கசிந்ததும் மறுபடி இறங்கும். காயில் வாங்கினால் காசு போகும். துளையைக் குத்த ஒரு ஊசி போதும். இந்த வித்தியாசம் தெரியாதவரை ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு செலவு.

4.2 புறத் துன்பங்கள்

அ) அளவுகள். பழைய புல்லட்டின் பல நட்டுகள் விட்வொர்த் அளவைச் சேர்ந்தவை. ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தண்டைக் குறிக்கும், நட்டின் தலையை அல்ல. கால் அங்குல விட்வொர்த் நட்டின் தலை அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 ஸ்பானர் அதில் நுழையாது; 14 நுழைந்து வழுக்கும். முந்தைய உரிமையாளர்கள் 14ஐப் போட்டுத் திருகித் திருகி, தலை உருண்டு போன நட்டுகளோடுதான் பழைய வண்டி பெரும்பாலும் கைக்கு வருகிறது. தம் பங்குக்கு அவர்கள் சேர்த்த மெட்ரிக் போல்ட்டுகளும் நடுநடுவே இருக்கும்.

ஆ) உதிரிப்பாகங்கள். புதிய பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பெயர் தெரிந்த பாகம் அநேகமாகக் கிடைக்கும். நல்ல பாகம் கிடைப்பது வேறு விஷயம். ‘ஒரிஜினல்’, ‘கம்பெனி’, ‘லோக்கல்’ என்று மூன்று விலை சொல்வார்கள். மூன்றின் உறையும் ஒன்றுபோல் இருக்கும். புதிதாகப் போட்ட கண்டன்சர் பெட்டியிலிருந்து எடுத்தபோதே பழுதாக இருப்பதுண்டு. இதுதான் கொடுமையான துன்பம். ஏனெனில் ‘புதுசு போட்டாயிற்று, அது காரணமாக இருக்க முடியாது’ என்று முடிவுகட்டி, பழுது இல்லாத இடங்களையெல்லாம் பிரித்துப் போடுவோம். போலிப் பாகம் காசை மட்டும் திருடுவதில்லை, தர்க்கத்தையும் கெடுக்கிறது.

இ) எரிபொருள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. 2030க்கு வைத்திருந்த இலக்கை அரசு 2025க்கு முன்னிழுத்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; நின்றுகொண்டிருக்கும் வண்டியின் டேங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கித் துருவை வளர்க்கும். அதற்கென வடிவமைக்காத பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊதும் அல்லது வெடிக்கும். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். ஆனால் கார்பரேட்டரின் ஜெட் துளை மாறாது. ஆகவே கலவையில் காற்று மிகுந்துபோகும். புதிய வண்டிகளில் சென்சாரும் கணினியும் எரிபொருளின் அளவைத் திருத்திக்கொள்ளும். இங்கே பெரிய ஜெட்டைத் தேடிப் போட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு.

ஈ) சட்டம். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் 2,000 ஆனது. பசுமை வரி தனி. 50 ஆண்டு கடந்தவற்றை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய 2021இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் எடுக்கலாம். சட்டம் பழைய வண்டியைச் சுமையாகப் பார்க்கிறது அல்லது காட்சிப்பொருளாகப் பார்க்கிறது. பராமரித்து ஓட்டும் வண்டி என்ற வகை அதன் கண்ணில் படவில்லை.

5. இன்பங்களின் வகை

5.1 நோயறியும் இன்பம்

மேலே சொன்ன ‘சூடானதும் நிற்கும்’ பழுதையே எடுத்துக்கொள்வோம். முறை தெரிந்தவர் ஸ்பானரை எடுக்கும் முன் டேங்க் மூடியைத் திறப்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் விசாரணை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் பாயிண்ட் மூடியைக் கழற்றி, நிழலில் கிக்கரை அழுத்திப் பாயிண்ட் பொட்டுகளுக்கிடையே பார்ப்பார். அங்கே பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம் வலுக்கும். பிளக்கில் வரவேண்டிய ஆற்றல் பாயிண்ட்டிலேயே எரிகிறது. அதுவும் இல்லையென்றால் காயில். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது இதில் மீறக் கூடாத விதி.

மறைந்திருந்த காரணம் அகப்படும் நொடியின் மகிழ்ச்சியைப் புதுப் பாகம் போட்டு வண்டி கிளம்பிவிடும் மகிழ்ச்சியோடு குழப்பக் கூடாது. இரண்டாவதை விலைக்கு வாங்கலாம். முதலாவது, தானே தேடியவருக்கு மட்டும் உரியது.

5.2 புலன் தேறும் இன்பம்

சில ஆண்டுகளில் காது பிரித்தறியத் தொடங்குகிறது: டாப்பெட்டின் டிக்டிக், தளர்ந்த பிரைமரி செயினின் சலசலப்பு, கனெக்டிங் ராடின் அடித்தொண்டைத் தட்டல். கழற்றிய பிளக்கின் நிறத்தைக் கண் வாசிக்கிறது. கருப்புப் புகையாகப் படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் காற்று மிகை. இளம் காப்பி நிறமென்றால் கலவை சரி. எவ்வளவு முடுக்கினால் மரை நிற்கும், எதற்குமேல் அறுந்துவிடும் என்பதை மணிக்கட்டு உணர்கிறது. இந்தத் தேர்ச்சியை எழுதி வைக்க முடியாது. பழகியவர் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் பிடிபடும்.

5.3 உறவின் இன்பம்

‘தானே’ பராமரிப்பது என்பது தனியே பராமரிப்பது அல்ல. சிலிண்டரை ரீபோர் செய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. எனக் கூடுதல் அளவுப் பிஸ்டன்கள் உண்டு. எதற்குக் குடைவது என்பதை மைக்ரோமீட்டர் பிடித்த லேத்காரர் சொல்வதே தீர்ப்பு. “அண்ணே, இன்னும் ஒரு சைஸு தாங்குமா?” என்று கேட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்து நிற்பதில் வாடிக்கையாளனின் தோரணை எதுவும் மிஞ்சுவதில்லை. தான் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத் தெரிந்தவனிடம் அவரும் ஒளிவின்றிப் பேசுகிறார். கிராங்க் பிரித்தல், ரீபோர், வெல்டிங் ஆகியவற்றில் கை வைக்காமல் இருப்பதும் பராமரிப்பாளரின் அறிவில் அடக்கம்.

6. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: இது பொருளாதாரத்துக்கு ஒவ்வாது. உண்மைதான். கருவி, உதிரி, வீணான ஞாயிறுகள் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இராது. சிக்கனத்துக்காக இதில் இறங்குகிறவர் ஓராண்டில் வண்டியை விற்றுவிடுவார்.

இரண்டாவது மறுப்பு: சுற்றுச்சூழல். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 விதிப்படி வரும் வண்டியோடு ஒப்பிட்டால், வினையூக்கி மாற்றி இல்லாத கார்பரேட்டர் எஞ்சின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிக கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் வெளிவிடும். இதை மழுப்பக் கூடாது. இருக்கிற வண்டியைக் காப்பதால் புதிய வண்டிக்கான உலோகமும் மின்சாரமும் மிச்சமாகின்றன என்ற எதிர்வாதம் குறைந்த தூரம் ஓட்டுபவருக்கே பொருந்தும். நகர நெரிசலில் நாள்தோறும் அலுவலகம் செல்ல இந்த வண்டி தகாது.

மூன்றாவது மறுப்பு: புதிய வண்டியில் இந்தத் தொல்லையே இல்லையே? இல்லைதான். பாயிண்ட் இல்லை, ஜெட் மாற்ற வேண்டியதில்லை. பழுதானால் விளக்கு எரியும், கணினி குறியீடு சொல்லும், பெட்டியோடு மாற்றுவார்கள். இக்கட்டுரையின் கருதுகோளை உறுதிசெய்வது இதுவே. தொல்லை அகன்ற இடத்தில் அறிதலின் வாய்ப்பும் அகன்றுவிட்டது. எது வேண்டும் என்பது அவரவர் தேர்வு. ஆனால் ஒன்றை மட்டும் பெற வழியில்லை.

7. முடிவுகள்

ஒன்று: அகத் துன்பங்கள் அறிவாக மாறக்கூடியவை. ஒருமுறை புரிந்துகொண்ட பழுது மறுமுறை வரும்போது துன்பமாக வருவதில்லை. பராமரிப்பின் இன்பம் பெரும்பாலும் இந்த மாற்றத்தில் பிறப்பதே.

இரண்டு: புறத் துன்பங்கள் அப்படி மாறுவதில்லை. போலிக் கண்டன்சர் எதையும் கற்பிக்காது. ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில் நிற்பது கைத்தேர்ச்சி தராது. பழைய வண்டிக்காரரைத் தளர்த்தி வண்டியை விற்க வைப்பவை பெரும்பாலும் இவையே. பழி மட்டும் வண்டியின் மேல் விழுகிறது.

மூன்று: எனவே சீர்திருத்தம் வேண்டியது புறத்தில். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த உரிமை புதிய வண்டியோடு நின்றுவிடக் கூடாது. உற்பத்தி நின்ற வண்டிகளுக்கும் பணிமனைக் கையேடுகள், பாக எண் பட்டியல்கள், அளவு வரைபடங்கள் பொதுவில் கிடைக்க வேண்டும். தமிழிலும் கிடைக்க வேண்டும். கண்டன்சர், பாயிண்ட் போன்ற சிறு பாகங்களுக்குத் தர முத்திரை கட்டாயமாக வேண்டும். பதிவுப் புதுப்பிப்பில் வண்டியின் வயதைவிட அதன் நிலைக்கே முதன்மை தர வேண்டும்.

நான்கு: பழைய வண்டி வைத்திருப்போர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு குறிப்பேடு வாங்கி, பாயிண்ட் எப்போது மாற்றினீர்கள், எந்த அளவு ஜெட், எத்தனையாவது ரீபோர், எந்த நட்டு அங்குலம், எது மெட்ரிக் என்று எழுதிவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் ஆர்.சி. புத்தகத்தோடு அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.